வேணாம்னு சொன்ன மாப்பிள்ளை

"எனக்கு இந்தப் பொண்ணு வேணாம்."

பரிசத் தட்டு கூடத்தின் நடுவில் இருந்தது. பழங்காநத்தத்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தட்டை மாற்றப் போகிற நேரத்தில்தான் முத்திருளன் எழுந்து இப்படிச் சொன்னான்.

பாண்டியம்மாள் பதறி எழுந்தாள். சொன்னவன் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த அண்ணன் பேயாண்டியின் மகன். செக்கானூரணியில் பம்புசெட் ரிப்பேர் பார்க்கிறவன். அவள் மகள் அன்னக்கொடிக்குப் பிறந்த அன்றே பேசி வைத்த முறை மாப்பிள்ளை.

"டேய், என்னடா ஒளர்ற?" என்றார் பேயாண்டி.

"ஒளறல. பிளேனுல வேலைக்குப் போகணும்னு ஆசைப்பட்ட பொண்ணு நமக்கு ஒத்து வராது."

"அதான் போகலைன்னு சொல்லிட்டோமே மாப்ள," என்றார் அன்னக்கொடியின் அப்பா நல்லகாமன்.

ஆமாம், அந்த வேலை வேண்டாம் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. காலேஜ் முடித்த அன்னக்கொடி தானாகவே விண்ணப்பம் போட்டு, மெட்ராஸுக்கு இரண்டு தடவை போய், ஏர் ஹோஸ்டஸ் வேலைக்குத் தேர்வாகி வந்தாள். பம்பாயில் பயிற்சி. இருபதாம் தேதி சேர வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. நாலு வருஷத்துக்குக் கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

"நாலு வருஷமா? அதெல்லாம் முடியாது. ஆவணியில கல்யாணம்," என்று பேயாண்டி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

அன்னக்கொடி அம்மாவிடம் வந்து அழுதாள். "நான் மச்சானை வேணாம்னா சொல்றேன்? மாமாகிட்ட நாலு வருஷம்தானம்மா கேக்கச் சொல்றேன்."

"தாய்மாமன் வீட்டுல கேட்டா பொண்ணு வீடு மறுக்கக் கூடாதுடி. மறுத்தா என் பொறந்த வீட்டு வாசலை நான் மிதிக்க முடியாது. நல்லது கெட்டதுக்கு ஒருத்தர் வரமாட்டாக. அதுவும் போக, பிளேனு நடுவானத்துல நின்னு போச்சுன்னா எறங்கித் தள்ளவா முடியும்?"

அன்னக்கொடி வேலை ஆர்டரை மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள்.

இவ்வளவுக்கும் பிறகுதான் இவன் எழுந்து நின்று பேசுகிறான்.

"போனா என்ன, போகாட்டி என்ன? ஊரான் எச்சித் தட்டை எடுக்கணும்னு நெனச்சவதானே. பனைமரம் கணக்கா ஒசரம் வேற. பக்கத்துல நின்னா எனக்குல்ல அசிங்கம்?"

பேயாண்டி பளாரென்று அறைந்தார். அவன் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. அப்படியே நின்றான்.

"பரிசம் வரைக்கும் வந்து ஒரு பொண்ணைக் கேவலப்படுத்துறியே, நீயெல்லாம் மனுசனாடா?" என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள். பாண்டியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அன்னக்கொடி மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. பிள்ளை நொறுங்கிப் போய்விட்டாள் என்று பார்த்தவர்களுக்கெல்லாம் மனசு கேட்கவில்லை.

நல்லகாமன் தட்டை எடுத்துப் பேயாண்டியின் கையில் கொடுத்தார்.

"மச்சான், உங்க மேல குத்தமில்ல. முறிச்சது உங்க மகன். நீங்க எப்பவும் போல வாங்க, போங்க."

பிறகு முத்திருளன் பக்கம் திரும்பினார்.

"என் மகளை வேணாம்னா சொன்ன? அவ போவாடா பம்பாய்க்கு! நானே கொண்டு போய் விடுறேன். நீ அண்ணாந்து பாத்துக்கிட்டே கெட!"

ரோஷக்காரர். சொன்னபடியே டிக்கெட் எடுத்துவிட்டார்.

பதினேழாம் தேதி சாயங்காலம் மதுரை ஸ்டேஷன். நல்லகாமன் உள்ளே பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பாண்டியம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முறுக்கு டப்பா மேலாப்புல இருக்கு. தெரியாதவக எது குடுத்தாலும் திங்காத. பிளேனுல கதவுப் பக்கம் நிக்காத, என்ன?"

"சரிம்மா."

மகளின் கண் அம்மா மேல் இல்லை. அவள் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தது. பாண்டியம்மாள் திரும்பினாள்.

டீக்கடைத் தூணுக்குப் பின்னால் முத்திருளன்.

அவளுக்கு எங்கிருந்து அவ்வளவு வேகம் வந்ததோ, போய் அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"எதுக்குடா வந்த? என் மக அழுதுகிட்டே போறதைப் பாக்கவா?"

மண்ணை வாரித் தூற்றக் குனிந்தாள். பிளாட்பாரம் முழுக்க சிமென்ட். ஒரு பிடி மண் கிடைக்கவில்லை. அதுவும் சேர்ந்து ஆத்திரத்தைக் கிளப்பியது.

"என் கையால எத்தனை நாளு சோறு தின்னிருப்ப! புடிக்கலைன்னா அத்தைகிட்ட காதோட காதா சொல்லியிருக்கக் கூடாது? அம்புட்டு சனத்துக்கு முன்னாடியா எம்மகளை அசிங்கப்படுத்துவ? இப்ப என்ன ஆச்சு? செக்கானூரணியில இருந்து உசிலம்பட்டி வரைக்கும் உன் பேரு நாறுது. இனிமே நம்ம சனத்துல எவன்டா ஒனக்குப் பொண்ணு குடுப்பான்?"

வண்டி விசில் ஊதியது. முத்திருளன் சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. அத்தையையும் பார்க்கவில்லை. நகரத் தொடங்கிய அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மெதுவாப் பேசுங்க அத்தை, நான் வந்தது அப்பா காதுக்குப் போயிரப் போகுது. எவனும் பொண்ணு குடுக்கக் கூடாதுன்னுதானே அம்புட்டு சனத்துக்கு முன்னாடி பேசினேன்? அவ வர்ற வரைக்கும், நாலு வருஷம் தாங்கணும்ல."