நாற்பத்தைந்து சுற்று

ஞாயிறு மாலை நாலு பத்துக்கு சந்தோஷ்குமார் புதுச்சத்திரத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தான். கையில் எலக்ட்ரானிக் இசை பதிந்த பழைய கிராமபோன் தட்டு.

அது சுழன்று ஓடும் வீடியோவை வாட்ஸ்அப் ரசிகர் குழுவில் போட்டு, 'சோகம் உருகி வழிகிறது' என்று எழுதியிருந்தான். ஜெயபிரகாஷ் என்பவர் மட்டும், 'வேகம் குறைவு. நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்றில் ஓடவிடுங்கள்' என்றார். 'உனக்கென்ன காது செவிடா?' என்று இவன் கேட்டான். குழுவே சிரித்தது. அவரோ, 'வீட்டுக்கு வாங்க, போட்டுப் பார்ப்போம்' என்று முகவரி அனுப்பினார்.

அவர் தங்கை மைதிலி கதவைத் திறந்தாள்.

"ஏனுங்க, ஒரு தட்டுக்காக நாமக்கல்லுல இருந்து பஸ் ஏறி வந்தீங்களாக்கும்?"

"ஞாயம் தெரியணும்லங்க."

ஜெயபிரகாஷ் சிரித்தபடி தட்டை வாங்கி நாற்பத்தைந்தில் ஓடவிட்டார். சோகப் பாட்டு துள்ளாட்டமாகிவிட்டது. சந்தோஷின் காலே தாளம் போட்டது.

"தப்பு என்னுதுதானுங்க. எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்திருந்தவர் திரும்பவில்லை. மைதிலி அவர் முன்னால் போய் நின்று சைகையில் கேட்டாள். அவர் விரல்கள் பதில் சொல்லின.

"வீடியோவுல தட்டு சுத்துனதை எண்ணுனாராம். நிமிசத்துக்கு முப்பத்துமூணுதான் வந்துச்சாம். தட்டு லேபிள்ல நாப்பத்தஞ்சுன்னு போட்டிருந்துச்சாம்."

சந்தோஷால் தலையை நிமிர்த்த முடியவில்லை. விரல்கள் மறுபடி அசைந்தன.

"அண்ணனுக்குக் காது கேக்காதுன்னு குழுவுல சொல்லிறாதீங்களாம். அத்தனை பேரும் உங்க மேல பாஞ்சிருவாங்களாம். காபி குடிக்கறீங்களான்னு கேக்குறாருங்க."