பொம்மையின் கை

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பிள்ளையைக் காணவில்லை என்றால் யாரும் போலீசுக்குப் போகமாட்டார்கள். ராவுத்தர் ஜவுளிக்கடைக்குத்தான் ஓடுவார்கள். வாசலில் சேலை கட்டி நிறுத்தியிருக்கும் பொம்மையின் கையைப் பிடித்தபடி பிள்ளை நின்றுகொண்டிருக்கும். தெருவில் தனியாக அழும் பிள்ளையை யார் கண்டாலும் அங்கே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். கூட்டிப்போக வருகிறவர்களிடம் ராவுத்தர் எதுவும் கேட்கமாட்டார். பிள்ளையிடம்தான் கேட்பார்: "இது யாரு?" பிள்ளை பதில் சொன்ன பிறகுதான் பொம்மையின் கையை விடலாம். நானே மூன்று தடவை அப்படி நின்றிருக்கிறேன். பிள்ளைகள் பிடித்துப் பிடித்தே பொம்மையின் சுண்டுவிரல் ஒடிந்துபோயிருந்தது.

போன தீபாவளிக்கு முந்தின நாள் அதே தெருக் கூட்டத்தில் அம்மாவைத் தவறவிட்டேன். ஆறு மாதமாக அவளுக்கு எதுவும் நினைவில் தங்குவதில்லை. அன்று காலையில் காபி கொடுத்த என்னிடமே, "நீங்க யாரும்மா?" என்று கேட்டிருந்தாள். செருப்பு அறுந்தது கூடத் தெரியாமல் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ராவுத்தர் கடைக்கு வந்தேன். வாசலில் பழைய பொம்மை இருந்த இடத்தில் நின்ற புதுப் பொம்மைக்குத் தலை இல்லை. அதன் கையை அம்மா இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கல்லாவிலிருந்து ராவுத்தரின் மகள் ஜரினா எழுந்து வந்தாள். என்னோடு பள்ளியில் படித்தவள். ஆனாலும் என் பக்கம் திரும்பாமல் அம்மாவிடம் கேட்டாள்.

"இது யாரும்மா?"

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பார்வை என் காலில் வந்து நின்றது.

"எம் மவ தமயந்தி. எப்பவும் செருப்பப் பிச்சுக்கிட்டுத்தான் வருவா."

சொல்லிவிட்டுத்தான் கையை விட்டாள்.