அடுத்த முள்

கிணற்றோரக் கருவேல மரத்தில் ஆண் தூக்கணாங்குருவி ஒன்று கூடு கட்டியது. மரத்தின் முட்களை நாட்களாக வைத்துக்கொண்டு, எந்த வேலை எந்த நாளில் முடிய வேண்டுமோ அந்த நாளுக்குரிய முள்ளில் ஒரு நாரைக் கட்டியது.

கூரை சொன்ன நாளில் முடிந்தது. அடிப்பக்கம் முடியவில்லை. குருவி அதற்குரிய நாரை அவிழ்த்து அடுத்த முள்ளில் கட்டியது. மறுநாள் அதற்கும் அடுத்த முள்ளில் கட்டியது.

“ஒரு வேலையும் பிந்தலை, பாத்தியா?” என்று பக்கத்துக் கிளை அணிலிடம் சொன்னது.

“முள்ளு தீந்துட்டா அடுத்த மரத்துக்குப் போவியா மச்சான்?” என்றது அணில்.

அப்போது அதன் ஜோடியான பெண் குருவி தடுமாறிப் பறந்து வந்தது. “வலி எடுத்துடுச்சுங்க. முட்டையை எங்க வைக்க?”

“கெடு நாளைக்குத்தானே!”

“அது முட்டைக்குத் தெரியாதுங்க.”

பெண் குருவி கூட்டுக்குள் எட்டிப் பார்த்தது. கீழே கிணற்றுத் தண்ணீர் தெரிந்தது. நேராக அணிலிடம் போய், “அண்ணே, உங்க கூட்டுல கொஞ்சம் இடம் குடுங்க” என்று கேட்டது.

அணில் கேலி எதுவும் பேசாமல் ஒதுங்கி இடம் விட்டது.

ஆண் குருவியால் அதைத் தாங்க முடியவில்லை. தன் கூட்டுக்குள் புகுந்து முகத்தை மறைத்துக்கொண்டது. அடியில்லாத கூட்டுக்குக் கீழே அதன் வாலும் கால்களும் எல்லோருக்கும் தெரிந்தன.