வாசு பார்க்கப் போன விமானம்

“மிஸ்டர் வாசு, தேங்காயை எங்க ஒடச்சீங்க?”

“கீழ, கல்லுலதாங்க. ஒரு சில்லு மட்டும் மேல போயிடுச்சு.”

மேலே போன சில்லு, விமானத்தின் துணி இறக்கையைக் கிழித்துக்கொண்டு உள்ளே சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. புஷ்பவல்லி அண்ணாந்து பார்த்தாள். தலையில் மல்லிகை, கையில் ஸ்பானர்.

புது வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துத் தேங்காய் உடைப்பது, வாசு குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸில் மோட்டார் சைக்கிளுக்குக்கூட உண்டு. விமானத்துக்கு மட்டும் ஏன் குறை வைப்பது? முன் சக்கரங்களுக்கு இரண்டு பழம், வாலுக்கு அடியிலிருந்த குட்டிச் சக்கரத்துக்கு ஒரு பழம் என்று வாசு எல்லாம் முறையாகத்தான் செய்தான். விமானத்தை இன்னும் வாங்கவில்லை என்பது ஒன்றுதான் குறை.

ரயில்வே ஆபீஸ் கிளார்க்கான வாசு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்கை பெசி விமானத் திடலில் வாடகை விமானம் ஓட்டிவிட்டு, அதற்காக மற்ற நாளெல்லாம் மலிவான ரொட்டி சானாயில் காலம் தள்ளுகிறவன். சொந்தமாக ஒன்று வேண்டும் என்று கனவில்கூட என்ஜின் சத்தம் போடுவான். விமானம் என்றாலே எமன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அம்மாவே நேற்று வந்து, “ஜெஞ்சாரோம்ல லோரி முதலாளி பக்கிரிசாமி வீட்டுல பழைய பிளேன் ஒன்னு விலைக்கு வருதாம், போய்ப் பாரேன்டா” என்றாள். அதற்குப் பிறகு அவன் காதில் எதுவும் ஏறவில்லை. வெற்றிலை, பழம், தேங்காய் வைத்த தட்டைக் கையில் திணித்து அவள் என்னென்னவோ சொன்னாள். வாசு தலையை மட்டும் ஆட்டினான்.

பக்கிரிசாமியின் மகள் புஷ்பவல்லி ஏணியில் ஏறிச் சில்லை எடுத்தாள். துணி வெட்டி, மூக்கைத் துளைக்கும் பசையைத் தடவி ஒட்டினாள்.

“பசை காயட்டும், மிஸ்டர் வாசு. உள்ள வந்து டீ குடிங்க.”

இந்த ஊரில் முன்பின் தெரியாதவனை எல்லோரும் அண்ணே என்பார்கள். இவள் மறந்தும் சொல்லவில்லை. படித்த பெண் என்று நினைத்துக்கொண்டான்.

உள்ளே பக்கிரிசாமி கறிபாப் பலகாரத் தட்டை நகர்த்தினார். அறை வாசலில் நாலைந்து ஆன்டிகள் நின்று அவனையே பார்த்தார்கள். விமானம் வாங்குகிறவனை ஜெஞ்சாரோமில் தினமுமா பார்க்க முடியும்?

“தம்பிக்குத் தண்ணி, சிகரெட் உண்டா?”

“கிடையாது அங்கிள்.” பெட்ரோல் டாங்கி பக்கத்தில் சிகரெட் கூடாது, நியாயமான கேள்விதான்.

“வீட்டுல யார் யாரு?”

“அம்மா மட்டும்தான். இடத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க அங்கிள். பிளேனுக்கு சுங்கை பெசியில கொட்டகை பார்த்து வச்சிருக்கேன். மழையில நனைய விடமாட்டேன். வாரா வாரம் நானே கழுவித் துடைப்பேன்.”

ஆன்டிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“விலை எவ்ளோன்னு சொன்னீங்கன்னா…”

“அட, அதுக்கென்ன அவசரம் லா! இன்னொரு கறிபாப் எடுத்துக்குங்க. புஷ்பா, பசை காஞ்சிருக்கும். நீயே தம்பியைக் கொண்டுபோய் சுங்கை பெசியில விட்டுடு. பேசிக்கிட்டே போங்க.”

வாசு கறிபாப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். விமானம் வீட்டுக்கு வருகிறது!

வால் சக்கர விமானம் தரையில் நிற்கும்போது மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கும். இதுவரை ஓட்டிய விமானமெல்லாம் மரியாதையாகக் குனிந்து நின்றவை. புஷ்பவல்லி அவனையே ஓட்டச் சொல்ல, வாசு எட்டி எட்டிப் பார்த்தான்.

“தரையில வளைஞ்சு வளைஞ்சு போங்க,” என்றாள் பக்கத்து சீட்டிலிருந்து. “நேரா முன்னாடி இருக்கிறது உங்களுக்குத் தெரியாது.”

விமானம் வீட்டுப் பின்னாலிருந்த மண்பாதையில் ஓடி எழும்பியது; செம்பனைத் தோட்டங்கள் கீழே போயின. பூச்சோங்கின் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் வெயிலில் மின்னின. வாசு என்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினான்.

“உங்க அப்பா விலையே சொல்ல மாட்டேங்கிறாரு! நீங்களாவது சொல்லுங்க!”

“உங்களுக்கு சமைக்கத் தெரியுமா?”

“மெகி மீ போடுவேன்! ஏன்?”

“சும்மா!”

“பிளேனுக்கு வேற யாராச்சும் கேட்டிருக்காங்களா?”

“முதல்ல ஒழுங்கா இறக்குங்க, பார்க்கலாம்!”

இதுதான் பரீட்சை என்று வாசுவுக்குப் புரிந்தது. இதில் தோற்றால் இந்த ஜென்மத்தில் இன்னொரு விமானம் கிடைக்காது. சுங்கை பெசியில் முருகனை வேண்டிக்கொண்டு இறக்கினான். விமானம் தவளைபோல ஒரு குதி குதித்தது, யோசித்தது, இன்னொரு குதி குதித்தது. ஒருவழியாகத் தரையில் ஓட ஆரம்பித்ததும் வாசு பெருமூச்சுவிட்டு மிதியிலிருந்த காலைத் தளர்த்தினான். அவ்வளவுதான், வால் சுழன்று முன்னால் வரப் பார்த்தது. புஷ்பவல்லி தன் பக்கத்து மிதியை ஓங்கி மிதித்து நேராக்கினாள்.

“இறங்கியாச்சுன்னு விட்டுடக் கூடாது, மிஸ்டர் வாசு. இது நிக்கிற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருக்கணும்.”

விமானம் நின்றது. வாசு வேர்வையைத் துடைத்தான். அழுகை வரும்போல இருந்தது.

“நான் நல்லா இறக்கல, தெரியும். ஆனா இதைக் கண்ணா வச்சுக் காப்பாத்துவேங்க. மழுப்பாம நேரா ஒரு பதில் சொல்லுங்க. இது எனக்குக் கிடைக்குமா, கிடைக்காதா?”

புஷ்பவல்லி என்ஜினை அணைத்தாள். காலையிலிருந்து முதல்முறையாக அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

“பிளேன் விக்கிறதுக்கு இல்ல. பொண்ணு பார்க்கப் போகலாம்னா பின்கதவு வழியா ஓடிடுறீங்கன்னு உங்கம்மாதான் பிளேன் பார்க்கன்னு சொல்லி அனுப்பினாங்க. எங்கம்மா கையில கொடுக்க வேண்டிய தட்டுத் தேங்காயை ஒடச்சு, என் றெக்கையையும் கிழிச்சுட்டீங்க. இருந்தாலும் எனக்கு சம்மதம். ஆனா இனிமே இறக்கறது நான்தான்.”