எதிர் ஜன்னல்

ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த காலமெல்லாம் தையல்நாயகி எதிர் ஜன்னலுக்குப் பயந்தே குடித்தனம் நடத்தினாள். அங்கே நிற்கும் ரெஜினா தன்னை எடைபோடுகிறாள் என்று நினைத்து, கிழிந்த துணிகளை வீட்டுக்குள்ளேயே உலர்த்தினாள். கணவனோடு சண்டை வந்தால் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுவாள். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

கணவர்கள் ஓய்வுபெற்று ஆளுக்கொரு ஊராகப் போய்ப் பல வருடங்கள் கழித்து, விழுப்புரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் அடுத்தடுத்த இலைகளில் உட்கார நேர்ந்தது.

"அப்பல்லாம் உங்களப் பாத்தாலே எனக்கு நடுக்கம்க்கா," என்றாள் ரெஜினா. "உங்க வீடு எப்பவும் அவ்வளவு சுத்தமா, அமைதியா இருக்கும். என் பொழப்பப் பாத்து மனசுக்குள்ள சிரிக்கிறீங்கன்னு நெனப்பேன்."

தையல்நாயகியின் கை இலையிலேயே நின்றுவிட்டது. "உனக்குப் பயந்துதானே நான் அப்படி இருந்தேன்."

கண்ணில் நீர் வரும்வரை இருவரும் சிரித்தார்கள்.

"இப்ப உங்க வீட்டுக்கு எதிர்ல யாருக்கா?"

"யாருமில்ல. குடோன் சுவரு," என்றாள் தையல்நாயகி. "கல்யாணத்துக்குப் போகணுமேன்னு இன்னைக்குத்தான் தலையே வாரினேன்."

ரெஜினா சாப்பிடாத இடது கையால், அவள் நெற்றியில் விழுந்திருந்த நரைமுடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டு, சற்றுத் தள்ளி உட்கார்ந்து அவளை நன்றாகப் பார்த்தாள்.