அரை நாள் தூரம்

கழுத்துக்கு ஒரு தலையணை, இரண்டு பாட்டில் தண்ணீர், டிபன் கேரியர் நிறையச் சாப்பாடு. அரை நாள் பறக்க வேண்டுமே என்று மூட்டை கட்டிக்கொண்டு விமானத்தில் ஏறியிருந்தாள் அவள். மற்றவர்கள் கையை வீசிக்கொண்டு ஏறியதைப் பார்த்து, 'பாவம், பட்டினி கிடக்கப் போகுதுங்க' என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தக் குட்டி விமானத்தின் பயணச்சீட்டில் புறப்படும் நேரம் மட்டும்தான் போடுவார்கள். மலையில் மேகம் எப்போது வழிவிடும் என்று யார் கண்டது?

"அரை நாள் ஆகுது. வழியில மூணு இடத்துல நிப்பான். உனக்கெல்லாம் ஒத்துக்காது" என்பான், சுரங்கத்து ஊரில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் அவள் கணவன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவான். வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவான். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில், அந்த இடுப்புக்கு ஒத்தடம் கொடுப்பதுதான் அவளுக்குக் கிடைத்த பாக்கியம்.

போன வாரம் எதிர்வீட்டு அக்கா, "உன் வீட்டுக்காரரை நம்ம மருந்துக்கடையில பார்த்தேனே" என்றபோதுகூட, "முதல்ல கண்ணாடியை மாத்துங்கக்கா" என்று சிரித்தாள். இன்று கல்யாண நாள். சொல்லாமல் போய் நின்றால் மனுஷன் அசந்துவிடுவான்.

விமானம் ஏறியது. அவள் தலையணையைச் சரிசெய்து கண்ணயர்வதற்குள் இறங்கிவிட்டது. எல்லோரும் எழுந்து போனார்கள், அவள் அசையவில்லை.

"இறங்கலையாம்மா?" என்றார் விமானி.

"நான் சுரங்கத்து ஊருக்குப் போகணும் சார். இன்னும் ரெண்டு இடம் நிக்கணுமே?"

"எந்த ரெண்டு இடம்? இதுதாம்மா சுரங்கத்து ஊரு. நடுவுல எங்கயும் நிக்காது. ஒரு டீ குடிக்கிற நேரம், அவ்வளவுதான்."

அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். ஒரு டீ நேரத்தை அரை நாளாக இழுத்து எத்தனை வருஷம் ஏமாற்றியிருக்கிறான்! இங்கே எவளோ இருக்கிறாள், அதனால்தான் தன்னை வரவிடவில்லை. கழிவறைக்குள் புகுந்து அழுது தீர்த்து, முகம் கழுவி வெளியே வந்தபோது, வந்த விமானமே திரும்பக் கிளம்பிக்கொண்டிருந்தது.

பெட்டி இறக்கும் ஆளிடம் கணவனைப் பற்றி விசாரித்தாள்.

"எலக்ட்ரீஷியன் அண்ணனா? அதோ அந்த விமானத்துல போறாரே! உங்க ஊருக்குத்தான்."

"இங்க... அவர்கூட யாரு இருக்கா?"

"யாரும்மா இருப்பா? ஒண்டிக்கட்டை. ஒருத்தியை ஏறெடுத்துப் பார்க்க மாட்டாரு. சம்சாரம்னா அவருக்கு உசுரு!"

அவளுக்குக் குப்பென்று கண் நிறைந்தது. கல்யாண நாளுக்கு அவனும் சொல்லாமல் வந்து நிற்கக் கிளம்பியிருக்கிறான். இந்த மனுஷனையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாக இருந்தது. விமானம் மேகத்துக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வாரா வாரம் இப்படித்தாம்மா விழுந்தடிச்சு ஓடுவாரு" என்றான் அந்த ஆள். "குழந்தை நடக்க ஆரம்பிச்சிடுச்சாமே?"