ரொட்டியும் ஒயினும்

எட்னா எரிமலையின் கரிய லாவாப் பாறைமேல் விழும் வெயில் அப்படியே காணாமல் போகிறது. வழிகாட்டி சிரினோ மண்டியிட்டு, பிளவில் பூத்திருக்கும் மஞ்சள் புதரைக் காட்டுகிறான். "இதோட வேர்தான் முதல்ல கல்லை உடைக்கும்." கூட்டம் குனிந்து படம் எடுக்கிறது. அவன் மனைவி வெனெரா மட்டும் குனியாமல், வாசலைப் பெருக்குவதுபோல் பூட்ஸ் நுனியால் சாம்பலை ஒதுக்கிக்கொண்டிருக்கிறாள். "இதுக்கு அடியில என்னம்மா இருக்கு?" என்கிறார் மிலானிலிருந்து வந்த ஒருவர். "எங்க வீடு. இந்த மலை மகராசி நெருப்பா இறங்கி வர்றது தெரிஞ்சதும், பெருக்கித் துடைச்சு, மேசையில ரொட்டியும் ஒயினும் வெச்சுட்டு வெளியே வந்தோம். எங்க ஊர்ல அப்படித்தான். வீட்டுக்கு வர்றவளை வெறும் வயிறா அனுப்பலாமா?" அவர் சிரித்துவிடுகிறார். "அப்புறம்?" வெனெரா ஒரு பூவைக் கிள்ளப் போய், கையை இழுத்துக்கொள்கிறாள். "அப்புறம் என்ன? வந்து உக்காந்தவ இன்னும் எழுந்திருக்கல."